சரத் பூரணையும் நமது சுகமும்

விஜயதசமி கழிந்து ஐந்தாம் நாள் வருகின்ற பூரணையை வட இந்தியர் ‘சரத் பூர்ணிமா’ என்று கொண்டாடுகின்றனர். நவராத்திரிக் கும்பத்தை நாம் எடுத்துவைத்த கையோடு, குஜராத்தி அன்பர்கள் தங்கள் ‘சரத் பூனம்’ இரவுக்காக நமது மண்டபத்தை ஆயத்தப்படுத்தத் தொடங்குவதை அங்கத்தவர் யாவரும் அறிவர். கோலாட்டம், நிலா வெளிச்சத்தில் வைத்த பால், அவல், பாயசம் என்று அந்த இரவு நமக்கும் பழகிவிட்டது. நம் பிள்ளைகளோ அதைத் தங்கள் சொந்தப் பண்டிகையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான்.

ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த இரவு கழிந்து அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் என்னிடம் சில கேள்விகள் வந்து சேர்ந்துவிடும். நிலவில் வைத்த பாலுக்கு மருந்துக் குணம் உண்டா? முட்டு வருத்தம் உள்ளவர்கள் அந்தப் பாயசத்தை உண்டால் சுகமாகும் என்கிறார்களே, உண்மையா? சீனி வருத்தக்காரர் கொஞ்சம் சாப்பிடலாமா? செருப்பு மாட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு சொல்லும் பதில் எப்போதும் அரைகுறையாகத்தான் இருக்கும். ஆகையால் இம்முறை ஆறுதலாக எழுதுகிறேன்.

ஒரே நிலா, பல பெயர்கள்

சரத் என்பது மழைக்காலம் ஓய்ந்தபின் வரும் இலையுதிர் பருவம். ஆசுவின மாதத்துப் பூரணை இப்பருவத்தில் வருகிறது. வயலில் நெல் முற்றும் காலம், மேகம் விலகி வானம் கழுவிவிட்டாற்போல் தெளியும் காலம். உழைத்தவன் ஓர் இரவு நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும் பண்டிகை இது.

இதற்குக் ‘கோஜாகரி’ என்றும் பெயர் உண்டு. ‘யார் விழித்திருக்கிறார்?’ என்று பொருள்படும் வடமொழித் தொடரிலிருந்து வந்த பெயர். அன்றிரவு இலட்சுமி தேவி உலகைச் சுற்றி வந்து இவ்வாறு கேட்பாள் என்பதும், விழித்திருப்பவர் வீட்டில் செல்வம் சேரும் என்பதும் நம்பிக்கை. வங்காளத்தில் துர்க்கை பூசை முடிந்தபின் வரும் இந்தப் பூரணையன்றுதான் வீட்டுக்கு வீடு இலட்சுமி பூசை. அரிசிமாவைக் கரைத்து வாசலிலிருந்து பூசை அறைவரை தேவியின் பாதங்களையும் நெற்கதிர்களையும் கோலமாக இடுவார்கள். மகாராஷ்டிரத்தில் ஏலக்காய், குங்குமப்பூ, பாதாம், பிஸ்தா சேர்த்துப் பாலைக் காய்ச்சி, அதில் நிலவின் பிம்பம் விழப் பார்த்துவிட்டு அருந்துவார்கள். குஜராத்தில் பாலும் அவலும். பீகாரின் மிதிலைப் பகுதியில் புது மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வீட்டார் மக்கானாப் பொரியும் வெற்றிலையும் அனுப்புவார்கள். ஒடிசாவில் இது ‘குமார பூர்ணிமா’. அந்தக் குமாரன் வேறு யாருமல்ல, நமது முருகன்தான். அவனைப்போல் அழகான கணவன் வேண்டுமென்று கன்னிப் பெண்கள் நிலவை வணங்கி, பாடி, விளையாடுவார்கள். கண்ணன் கோபியரோடு இராசலீலை ஆடிய இரவு இதுவே என்பது விருந்தாவனத்து மரபு. குஜராத்தி அன்பர்கள் அன்றிரவு ஆடுவது அதை நினைந்துதான்.

நமது பக்கத்தில் இதற்கு இணையாக என்ன உண்டு என்று இளையவர்கள் கேட்பதுண்டு. ஐப்பசிப் பூரணையன்று சிவாலயங்களில் நடக்கும் அன்னாபிஷேகத்தைச் சொல்லலாம். வடித்த சோற்றால் இலிங்கத் திருமேனியை மூடி வழிபட்டு, அந்த அன்னத்தைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் மூட்டை மூட்டையாக அரிசி வடித்து இது நடப்பதைப் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். அந்த அன்னத்தை உண்டால் பிள்ளை வரம் கிட்டும், நோய் தீரும் என்ற நம்பிக்கை நம்மவரிடமும் உண்டு. சில ஆண்டுகளில் இரண்டு விழாக்களும் ஒரே நாளில் வரும். 2023இல் ஒக்டோபர் 28ஆம் திகதி அப்படி வந்தது. 2025இலோ சரத் பூரணை ஒக்டோபர் 6ஆம் திகதியும், அன்னாபிஷேகம் நவம்பர் 5ஆம் திகதியும் வந்தன.

வடக்கே வானம் தெளியும் அதே வேளையில் நமது ஊர்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கத் தொடங்கும். ஐப்பசியில் முற்றத்தில் பாலை வைத்தால் விடியற்காலையில் மழைத்தண்ணீர்தான் பாத்திரத்தில் இருக்கும். நாம் நிலாச்சோறு உண்பது சித்திரைப் பூரணையில். பருவம் மாறினால் பண்டிகையும் மாறும் என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வரும் விஷயத்துக்கு உதவும்.

பழைய வைத்தியம் சொன்னது

நிலவுக்கும் சுகத்துக்கும் முடிச்சுப் போட்டது பாமரரின் கற்பனை மட்டுமன்று. ஆயுர்வேத மூலநூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானத்தின் ஆறாம் அத்தியாயம் ஆறு பருவங்களுக்கும் உரிய உணவையும் ஒழுக்கத்தையும் கூறுகின்றது. மழைக்காலத்தில் குளிர்ச்சிக்குப் பழகிய உடல், திடீரென்று சரத்காலத்து வெயிலில் காயும்போது, உள்ளே சேர்ந்திருந்த பித்தம் பொங்கும் என்பது அதன் கருத்து. அதற்குப் பரிகாரமாக இனிப்பும் சிறு கசப்பும் கொண்ட, எளிதில் செரிக்கும் குளிர்ந்த உணவையும், அரிசி, வாற்கோதுமை, கோதுமை ஆகியவற்றையும், கசப்பு மருந்துகள் இட்ட நெய்யையும் அது விதிக்கின்றது. பகலில் வெயிலால் சூடேறி, இரவில் நிலவால் குளிர்ந்து, அகத்திய நட்சத்திரத்தின் உதயத்தால் நஞ்சு நீங்கிய தண்ணீரை ‘ஹம்சோதகம்’ என்று போற்றுகின்றது. முன்னிரவு நிலவில் இருப்பதையும் சிறப்பித்துச் சொல்கின்றது.

நிலவில் வைத்த பாலின் கதைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று இப்போது விளங்கும். ஆனால் அதே அத்தியாயத்தில் அடுத்து வரும் பத்தியத்தையும் படிக்கவேண்டும். சரத்காலத்தில் பனியில் நனையாதே, கீழ்க்காற்றில் நிற்காதே, தயிர் உண்ணாதே, பகலில் உறங்காதே என்று அதே நூல் தடுக்கின்றது. சொன்னது முன்னிரவு நிலவு, விடியவிடியப் பனியில் கிடப்பது அல்ல. நிலவில் வைத்த பாயசத்தைப் பற்றியோ, அதனால் இன்ன நோய் தீரும் என்பது பற்றியோ அந்த அத்தியாயத்தில் பேச்சே இல்லை.

இந்த வைத்தியர்கள் கூர்ந்து கவனித்தவர்கள். சரத்காலம் வைத்தியனுக்குத் தாய், வசந்தம் தந்தை என்று வடமொழியில் ஒரு கேலிப் பழமொழி உண்டு. பருவம் திரும்பும் நேரத்தில்தான் நோயாளர் கூட்டம் பெருகும் என்பது அதன் பொருள். நாற்பது டிகிரி வெயிலிலும் பருவமழையிலும் எழுதப்பட்ட விதியை, ஒக்டோபரில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கும் பிரித்தானியாவில் எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிக்க வேண்டுமென்று அவர்களே சொல்லமாட்டார்கள்.

நிலவொளியில் என்ன உண்டு?

சரத் பூரணையன்றுதான் சந்திரன் பதினாறு கலைகளும் நிறைந்து பூமிக்கு மிக அருகில் வருகின்றது என்று சொல்வார்கள். கலைகள் பற்றியது பக்தி, அதில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் தூரம் என்பது அளந்து பார்க்கக்கூடியது. சந்திரன் நீள்வட்டப் பாதையில் சுற்றுவதால், கிட்ட வரும்போது ஏறக்குறைய 3,57,000 கிலோமீட்டர் தூரத்திலும், எட்டப் போகும்போது ஏறக்குறைய 4,06,000 கிலோமீட்டர் தூரத்திலும் இருக்கும். எந்தப் பூரணையில் மிக அருகில் வரும் என்பது ஆண்டுக்காண்டு நகர்ந்துகொண்டே போகும். 2023இல் மிக அருகில் வந்தது ஆகஸ்ட் மாதக் கடைசிப் பூரணை. 2025இல் நவம்பர் 5ஆம் திகதிப் பூரணை, அதாவது நமது அன்னாபிஷேக நாள்.

நிலவொளி என்பது சந்திரனில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியேயன்றி வேறல்ல. பூரண சந்திரனின் ஒளி சூரிய ஒளியில் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஒரு மீட்டர் தூரத்தில் எரியும் மெழுகுதிரியின் வெளிச்சத்தில் கால்பங்குகூட அது தேறாது. பாலின் இயல்பை மாற்றும் வலிமை அதற்கு இல்லை. இரவு முழுவதும் வெளியே வைத்த பாயசம் குளிர்வது காற்றால்.

நிலவு மனத்தைக் கலக்கும், பித்தேற்றும் என்பது கிழக்கிலும் மேற்கிலும் உள்ள பழைய எண்ணம். 1985ஆம் ஆண்டில், அதுவரை செய்யப்பட்ட 37 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பூரணைக்கும் மனநோய்க்கும் குற்றச்செயல்களுக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு தென்படவில்லை. உறக்கம் மட்டும் சற்று வேறு. பூரணைக்கு முந்திய இரவுகளில் மக்கள் சற்றுப் பிந்திப் படுக்கிறார்கள், குறைவாக உறங்குகிறார்கள் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மின்விளக்கு இல்லாத கிராமத்தவரிடமும் நகரத்து மாணவரிடமும் இதையே கண்டார்கள். ‘யார் விழித்திருக்கிறார்?’ என்று தேவி கேட்பதில் பொருள் இருக்கத்தான் செய்கிறது.

இந்த நாட்டவரும் இலையுதிர் காலத்துப் பூரணை ஒன்றை ‘அறுவடை நிலா’ என்றே அழைக்கின்றனர். சாதாரணமாகச் சந்திரன் ஒவ்வொரு நாளும் சராசரி 50 நிமிடம் பிந்தி உதிக்கும். செப்டம்பர் கடைசியை ஒட்டிய பூரணை நாட்களில் இங்கே அந்தத் தாமதம் இருபது, முப்பது நிமிடமாகக் குறைந்துவிடும். அடுத்தடுத்து சில மாலைகளில் பொழுதுபட்டவுடனே நிலவு எழுவதால், அந்த வெளிச்சத்தில் உழவர் கதிர் அறுத்தார்கள். கங்கைக் கரை உழவனும் கென்ற் பகுதி உழவனும் ஒரே நிலவைப் பார்த்து ஒரே நன்றியைச் சொல்லியிருக்கிறார்கள்.

பாலும் அவலும் சீனியும்

அடுப்படி விஷயத்துக்கு வருவோம். மகாராஷ்டிரத்து வழக்கப்படி பாலை நன்றாகக் கொதிக்கவைத்து, நிலவைக் காட்டி, சுடச்சுட அருந்துவது சுகாதாரத்துக்கு மிகவும் ஏற்றது. சோறும் பாலும் சேர்ந்த பாயசத்தைச் சமைத்து விடியும்வரை வெளியே வைத்து உண்பதில்தான் சிக்கல். அரிசியில் ‘பசிலஸ் சீரியஸ்’ என்னும் கிருமியின் வித்துகள் இருக்கும். அவை கொதிநீரிலும் சாவதில்லை. சமைத்த சோறு மெல்ல மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கச் செய்யும்.

‘இங்கே குளிர்தானே, வெளியே வைத்தாலும் குளிர்சாதனப் பெட்டி போலத்தானே?’ என்று ஓர் அன்பர் கேட்டார். வெளியே குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கினாலும், ஐம்பது பேருக்குக் காய்ச்சிய அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூடாகவே இருக்கும். கிருமிக்கு அதுதான் வேண்டும். வெள்ளிப் பாத்திரத்தில் வைத்தால் கெடாது என்பதையும் நம்பியிருக்க வேண்டாம். ஒரு சிறு கிண்ணத்தில் நைவேத்தியமாக நிலவுக்கு வையுங்கள். மீதியைச் சூடாகப் பரிமாறுங்கள். மிஞ்சினால் அகலமான தட்டுகளில் பரப்பி விரைவாக ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

சீனி வருத்தத்தைப் பற்றி நமது சமூகத்துக்குச் சொல்லவேண்டியதில்லை. இந்த நாட்டில் தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அவலும் சீனியும் பாலும் சேர்ந்தால் குருதியில் சீனி விரைந்து ஏறும். நிலவில் வைத்ததால் அது குறையப்போவதில்லை. ஒரு சிறு கிண்ணம், கற்கண்டைக் குறைத்து, பருப்பு வகைகளைக் கூட்டி உண்பதில் தவறில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, பகல் முழுவதும் விரதம் இருந்துவிட்டு இரவில் விருந்துண்பது. இன்சுலின் ஊசியோ, கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் விரதமிருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அவர்கள் முன்கூட்டியே தங்கள் வைத்தியரோடு பேசி மருந்தின் அளவை ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும்.

ஊசியில் நூல் கோத்தல்

குஜராத்திலும் இராஜஸ்தானிலும் இந்த நிலவின் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்தால் கண்பார்வை கூடும் என்பார்கள். பாட்டியும் பேத்தியும் போட்டி போட்டுக் கோப்பதைப் பார்க்க அழகாயிருக்கும். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகிக் கிட்டப் பார்வை மங்குவது இயற்கை. கண்புரையும் நீரிழிவால் வரும் விழித்திரை நோயும் அதற்கு மேல். இவற்றுள் எதையும் நிலவு தீர்க்காது. ஆனால் இந்த வழக்கத்தைக் கண் சோதனையாக எடுத்துக்கொள்ளலாமே! விளக்கு வெளிச்சத்திலும் நூல் கோக்க முடியாமல் ஒரு பெரியவர் தடுமாறினால், அவருக்கு அடுத்த வாரமே கண் வைத்தியரிடம் நாள் குறித்துக் கொடுங்கள். நீரிழிவுக்காரர் விழித்திரைப் படம் எடுக்க வரும் அழைப்புக் கடிதத்தை இழுப்பறையில் போடாதீர்கள். பூரணைக்கு அது நல்ல காணிக்கை.

முட்டு வருத்தமும் பூரணை மருந்தும்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் ஒரு நாள் வயிற்றுவலியோடு போகலாம். இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் முட்டு, தொய்வு என்றும், தமிழகத்தில் இளைப்பு, இரைப்பு என்றும் சொல்லப்படும் ஆஸ்துமாவுக்கும் சரத் பூரணைக்கும் வட இந்தியாவில் நெருங்கிய தொடர்பு கற்பிக்கப்பட்டிருக்கிறது. இராமர் வனவாசத்தில் தங்கிய சித்திரகூடத்தில், இந்தப் பூரணையன்று மூலிகைப் பொடி கலந்த பாயசத்தை வாங்கி உண்ண ஆயிரக்கணக்கான ஆஸ்துமா நோயாளர் கூடுகின்றனர். இரவு முழுதும் விழித்திருப்பதும் நடப்பதும் அந்தச் சிகிச்சையின் பகுதி. ஹைதராபாத்தில் ஜூன் மாதத்தில் மீனோடு விழுங்கக் கொடுக்கும் ஆஸ்துமா மருந்தும் இந்த வகைதான். பொடிப் பொட்டலங்கள் விமானமேறி இங்கேயும் வந்துவிடுகின்றன.

சில வருடங்களுக்கு முன் அறுபது கடந்த ஓர் அம்மா மூச்சுத் திணறி என்னிடம் வந்தார். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். பக்கத்து வீட்டார் அன்பினால் கொடுத்த பொடியைப் பூரணை இரவில் பாயசத்தோடு உண்டிருக்கிறார். நாற்பது நாள் பத்தியம், வேறு மருந்து தொடக்கூடாது என்று யாரோ சொல்ல, நாள்தோறும் எடுத்துவந்த மண்ணிற இன்ஹேலரை நிறுத்திவிட்டார். “தம்பி, முதல் பத்து நாளும் எனக்கு வலு சுகமாயிருந்தது. அதுதான் நம்பினேன்” என்றார். அவர் பேசி முடிக்க முன்னரே மூன்று தடவை மூச்சு வாங்கவேண்டியிருந்தது. அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் நலமாகத் திரும்பினார்.

அந்த அம்மா சொன்னது பொய்யல்ல. அவர் சுகமாக உணர்ந்தது உண்மை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மண்ணிற இன்ஹேலர் நெஞ்சுக் குழாய்களின் உள்வீக்கத்தை ஆற்றும் மருந்து. நிறுத்திய மறுநாளே வருத்தம் திரும்பாது. வீக்கம் மெல்ல மெல்ல ஏறச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அந்த இடைவெளியில் பழைய மருந்து தந்த சுகத்தின் புகழை அன்றைய பாயசம் தட்டிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது காரணத்தை 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. ஆஸ்துமா நோயாளர்களுக்கு முறைமாற்றி நான்கு விதமாகச் செய்து பார்த்தார்கள். உண்மையான மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத வெறும் இன்ஹேலர், போலி ஊசிச் சிகிச்சை, ஒன்றும் செய்யாமல் காத்திருத்தல் என்பன அவை. “எவ்வளவு சுகம்?” என்று கேட்டபோது உண்மை மருந்துக்கு 50 விழுக்காடும், வெறும் இன்ஹேலருக்கு 45 விழுக்காடும், போலி ஊசிக்கு 46 விழுக்காடும், ஒன்றும் செய்யாதபோது 21 விழுக்காடும் முன்னேற்றம் என்றார்கள். ஆனால் கருவியில் ஊதச்செய்து நுரையீரலை அளந்தபோது, உண்மை மருந்து எடுத்தபோது மூச்சின் வேகம் 20 விழுக்காடு உயர்ந்தது. மற்ற மூன்றிலும் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். மனம் சுகம் என்றது, நெஞ்சுக் குழாயோ அடைத்தபடியே இருந்தது. ஆஸ்துமாவில் ஆபத்து இங்கேதான். நம்பிக்கை கொடுக்கும் சுகம் மூச்சுத்திணறலின் எச்சரிக்கையை மறைத்துவிடும்.

பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடம் திறந்து, தடிமன் கிருமிகள் பிள்ளைகளிடையே பரவுவதால், இந்த நாட்டில் வருடத்தின் 38ஆம் வாரத்தை ஒட்டி, அதாவது செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின், ஆஸ்துமாவோடு வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகள் தொகை உச்சம் தொடும். சரத் பூரணை அதற்குச் சற்றுப் பின்னே வருகிறது. மருந்தை நிறுத்துவதற்கு வருடத்தில் இதைவிடப் பொல்லாத காலம் இல்லை. பிரித்தானியாவில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அவர்களில் 45 விழுக்காட்டினர் வைத்திய உதவியை நாடாமலோ, அவசர உதவி கிடைக்கும் முன்னரோ இறந்திருந்தனர்.

பழைய வைத்தியத்தின் பேரில் இன்ஹேலரை நிறுத்துபவர்களுக்கு, பழைய நூலையே சாட்சிக்கு அழைக்கிறேன். சரகர் சிகிச்சைஸ்தானத்தில் ‘தமக சுவாசம்’ என்று இந்த நோயை விவரிக்கின்றார். நோயாளி படுத்தால் துன்பப்படுவான், எழுந்து உட்கார்ந்தால் ஆறுதல் பெறுவான், சூடானதை விரும்புவான் என்கிறார். இன்று நாம் கட்டிலருகே காண்பதும் இதே காட்சிதான். மேகம், மழை, குளிர், கீழ்க்காற்று, கபத்தைக் கூட்டும் உணவு ஆகியவற்றால் நோய் முற்றும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் முட்டு உள்ளவரைக் குளிர்ந்த இரவில் வெளியே இருத்தி, ஆறிப்போன பாற்பாயசத்தை ஊட்டுவது சரகருக்கே உடன்பாடாகுமா?

அன்றிரவு நாம் செய்யக்கூடியவை

விழாவுக்கு வரவேண்டாம் என்று நான் எவரையும் சொல்லவில்லை. வாருங்கள், ஆடுங்கள், உண்ணுங்கள். சில ஒழுங்குகள் மட்டும் போதும்.

முதலாவது, தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை அன்றும் எடுங்கள், மறுநாளும் எடுங்கள். அதில் உள்ள ஸ்டீரொயிட் சிறிய அளவு, நெஞ்சுக்கு நேரே போவது. எடுத்தபின் வாயைக் கொப்பளித்தால் போதும். பிரசாதம் உண்பதற்காக எந்த மருந்தையும் நிறுத்தவேண்டியதில்லை.

இரண்டாவது, முட்டு வந்தால் எடுக்கும் இன்ஹேலர் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கவேண்டும், காருக்குள் அல்ல. பலருக்கு அது நீல நிறம். தடுப்பும் நிவாரணமும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை இப்போது பலருக்குக் கொடுக்கிறார்கள், அவர்கள் தமக்குச் சொல்லப்பட்டபடி செய்யட்டும். ஆடும்போது பிள்ளைக்கு இளைத்தால் உட்காரவையுங்கள். வியர்வையோடு குளிரில் வெளியே அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நிமிர்ந்து உட்காரவைத்து, நீல இன்ஹேலரை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவையாகப் பத்துத் தடவைவரை கொடுங்கள். குறையவில்லையென்றாலோ, இன்ஹேலர் இல்லையென்றாலோ, உடனே 999. ‘பொறுத்துப் பார்ப்போம், விடியட்டும்’ என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

நான்காவது, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சாம்பிராணி, கற்பூரம், ஓமப் புகை மண்டபத்தில் தேங்காதபடி பின்கதவைத் திறந்துவையுங்கள். புகை படாத ஒரு மூலையில் நாலு கதிரை போட்டுவைத்தால் பெரியவர்களுக்குப் பேருதவி.

ஐந்தாவது, மூலிகைப் பொடி யாராவது கொடுத்தால் கொடுத்தவர் மனம் நோகாமல் வாங்கிக்கொள்ளுங்கள். உண்ணுமுன் உங்கள் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று கொடுத்தவருக்கே தெரியாது.

வேத காலத்து முன்னோர் நூறு ஆண்டு வாழவேண்டும் என்று வேண்டும்போது ‘நூறு சரத்காலம்’ என்றே எண்ணினார்கள். ஒரு சரத்காலத்தைத் தாண்டுவது அவர்களுக்கு ஓர் ஆண்டைத் தாண்டுவதாக இருந்தது. அறுவடை கண்டு, நோய்க்காலம் கடந்து, உற்றாரோடு ஒரே பாத்திரத்துப் பாலைப் பகிர்ந்து, விழித்திருந்து நன்றி சொல்லும் இரவு இது. அந்தப் பாலுக்குள் மருந்து இல்லை. அதைச் சேர்ந்து அருந்த, சென்ற வருடம் இருந்த எல்லோரும் இந்த வருடமும் இருக்கவேண்டும். அதற்கு உங்கள் கைப்பையில் உள்ள சின்ன இன்ஹேலரும், குளிர்சாதனப் பெட்டியும், நேரத்தோடு எடுக்கும் தொலைபேசியும் துணைசெய்யும். தேவி கேட்கும்போது நாமெல்லோரும் விழித்திருப்போமாக.